குதிரைக்குப் பிடரி அரிப்பு: மாட்டு மருந்தைத் தெளிக்கலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் நெல்லும் மஞ்சளும் பயிரிடுகிறேன். ஐந்து மாடுகளுடன் ஒரு கத்தியவார் பெண்குதிரையும் வைத்திருக்கிறேன். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியது, இப்போது ஐந்து வயது. சென்ற மழைக்காலத்தில் வாலை லேசாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. இந்த ஆண்டு வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு பிடரி மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, வாலடியில் புண்ணும் ஆகிவிட்டது. பொழுது சாய்ந்தால் தூணில் தேய்க்கத் தொடங்கிவிடுகிறது. மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தைத் தண்ணீரில் கலந்து தெளிக்கும்படி பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்கிறார். தெளிக்கலாமா? இது மாடுகளுக்கும் தொற்றுமா? குதிரையை அடுத்த ஆண்டு சினைக்கு விட நினைத்திருந்தேன். விடலாமா?

பதில்: முதலில் அந்த மருந்துப் புட்டியை எடுத்துப் பாருங்கள். அதில் ‘அமிட்ராஸ்’ என்று எழுதியிருந்தால் குதிரைமேல் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. மாட்டு உண்ணிக்குக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மருந்து அது. மாட்டுக்குப் பலன் தருவதும் உண்மைதான். ஆனால் குதிரையின் உடம்பில் அது குடலின் அசைவையே அடக்கிவிடும். குதிரை தலையைத் தொங்கப்போட்டு மந்தமாக நிற்கும், லத்தி போடுவது நின்றுபோகும், பெருங்குடலில் தீவனம் இறுகிக் கடுமையான வயிற்றுவலி வரும். அதில் உயிரே போகலாம். ஒருவேளை ஏற்கெனவே தெளித்துவிட்டிருந்தால் சோப்பு போட்டு நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு, குதிரை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள். புழுவுக்கும் உண்ணிக்கும் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியையும் குதிரைக்குப் போட வேண்டாம். போட்ட இடத்தில் தசை அழுகும் அளவுக்குக் கிருமித் தொற்று வந்த குதிரைகள் உண்டு. அதே மருந்து குதிரைக்கென்று வாய்வழிப் பசையாகத் தனியே தயாரிக்கப்படுகிறது.

இனி நோய்க்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது பூச்சிக்கடியால் வரும் ஒவ்வாமை. கடிப்பது கியூலிகாய்ட்ஸ் என்ற பொடிக்கொசு. நீளம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான். சத்தம் போடாது, கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். உங்கள் ஊரில் ஆடு வைத்திருப்பவர்களுக்கு இதன் வேலை நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் செம்மறி ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருவது இதே இனம்தான். குதிரைக்கு இது கொடுக்கும் தொல்லை வேறு வகை. பெண்கொசு இரத்தம் குடிக்கும்போது அதன் எச்சில் தோலுக்குள் இறங்குகிறது. சில குதிரைகளின் உடம்பு அந்த எச்சிலைப் பெரும் பகையாகக் கருதிக் கொந்தளிக்கிறது. அந்தக் கொந்தளிப்புதான் அரிப்பு. ஆஸ்திரேலியாவில் இதற்குக் குயின்ஸ்லாந்து அரிப்பு என்றே பெயர். இது ஒவ்வாமைதான் என்பதை 1950களில் அங்கே நடந்த ஆய்வுகள் காட்டின.

வாங்கிய முதல் ஆண்டில் இல்லாத நோய் பிறகு எப்படி வந்தது என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். ஒவ்வாமை ஒரே நாளில் வருவதில்லை. பல முறை கடி வாங்கிய பிறகே உடம்பு இப்படி மாறும். ஐஸ்லாந்து இந்தப் பூச்சி ஏறக்குறைய இல்லாத நாடு. அங்கே வளர்ந்த குதிரைகளை ஐரோப்பாவின் பிற நாடுகளுக்குக் கொண்டுபோய்ப் பூச்சி மிகுந்த இடங்களில் வைத்தால், ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இந்த அரிப்பு வந்துவிடுகிறது. உங்கள் குதிரையும் வறண்ட பகுதியில் வளர்ந்து, வாய்க்கால் பாசனமும் நெல்வயலுமாக இருக்கும் இடத்துக்கு வந்ததாக இருக்கலாம். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டியதில்லை.

உறுதிப்படுத்திக்கொள்ளப் பகல் வெளிச்சத்தில் பிடரி மயிரை விரலால் விலக்கிப் பாருங்கள். மயிர் வேரோடு வராமல் பாதியில் முறிந்து குச்சி குச்சியாக நிற்கும். அடியில் செதில், காய்ந்த நீர், சிறு பொருக்குகள் இருக்கும். நாள்பட்டிருந்தால் தோல் தடித்து, யானைத்தோல் போல மடிப்பு விழுந்திருக்கும். தோள்மேட்டிலும் வாலடியிலும் இப்படியே இருந்தால் பெரும்பாலும் இதுதான். சில குதிரைகளுக்கு வயிற்றின் நடுக்கோட்டிலும் வரும். வாலை மட்டும் தேய்த்து, ஆசனவாயைச் சுற்றி மஞ்சளும் சாம்பலுமாகப் பசை ஒட்டியிருந்தால் அது குடற்புழு. வட்ட வட்டமாக மயிர் கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கும். அது ஒட்டும், மனிதருக்கும் வரும். ஆகவே மருத்துவர் ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது. ஒவ்வாமை என்று உறுதியானால் மாடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது.

ஒருமுறை வந்த ஒவ்வாமையை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. கடி குறைந்தால் அரிப்பு குறையும், அவ்வளவுதான். செலவழிக்கும் பணமும் உழைப்பும் கடியைத் தடுப்பதற்கே போகட்டும்.

இந்தக் கொசுவுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, அது பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்திலும் விடியற்காலையிலும்தான் கூட்டமாகக் கிளம்பும். இன்னொன்று, அதற்குக் காற்றை எதிர்த்துப் பறக்க வலுவில்லை. மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே அதனால் குதிரைமேல் வந்து உட்கார முடிவதில்லை. ஆகவே மாலை ஐந்து மணிக்குள் குதிரையை லாயத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். காலையில் வெயில் ஏறிய பிறகு வெளியே விடுங்கள். லாயத்துக்குள் பெரிய மின்விசிறி ஒன்றைக் குதிரையின் முதுகிலும் பிடரியிலும் காற்றுப் படும்படி இரவு முழுக்க ஓடவிடுங்கள். மின்கம்பியும் விசிறியும் குதிரையின் வாய்க்கு எட்டக்கூடாது. நான் சொல்வதில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இந்த விசிறியைத்தான் வைக்கச் சொல்வேன்.

வலை கட்டுவதாக இருந்தால் வீட்டுக்குக் கட்டும் கொசுவலை போதாது. அதன் கண்ணில் இந்தப் பொடிக்கொசு நுழைந்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணுள்ள வலை வேண்டும். நெருக்கமான வலை காற்றையும் தடுக்கும் என்பதால் நம் ஊர் வெக்கையில் விசிறி இல்லாமல் வலை மட்டும் கட்டாதீர்கள். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியில் போர்வை தைத்துப் போடுவதும் நல்ல பலன் தரும். காதுக்குப் பின்னாலிருந்து வாலடி வரையிலும், வயிற்றுக்கடியிலும் அது மூட வேண்டும். முதுகை மட்டும் மூடும் போர்வையால் பயனில்லை. மாலையில் போட்டுக் காலையில் எடுத்துவிடுங்கள். எடுத்ததும் தோள்பட்டையில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். துணி உரசினால் முதலில் அங்கேதான் மயிர் தேயும்.

மாட்டுக் கொட்டகையை ஒட்டியே குதிரையையும் கட்டியிருக்கிறீர்களா? அப்படியென்றால் அதை மாற்றுங்கள். இந்தக் கொசுக்கள் மாட்டைத் தேடி வருபவை. கொட்டகையின் கழிவுநீர் தேங்கும் சேறும், சாணம் கலந்த ஈர மண்ணும் அவை பெருகும் இடங்கள். நெல்வயலை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தொட்டி நிரம்பி வழியும் இடம், கழுவிய தண்ணீர் நிற்கும் பள்ளம் ஆகியவற்றை மூட முடியும். இவை பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றுவதால், லாயத்தை மேடான, காற்றோட்டமான இடத்துக்குத் தள்ளி அமைத்தாலே வித்தியாசம் தெரியும்.

பகலில் குதிரை காலைத் தரையில் உதைத்துக்கொண்டே இருந்தால் அது வேறு பூச்சி. வீட்டு ஈயைப் போலவே இருந்து, காலில் உட்கார்ந்து இரத்தம் குடிக்கும் கொட்டில் ஈ அது. சிறுநீரும் லத்தியும் கலந்து மக்கும் வைக்கோலில் முட்டையிடும். நம் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரங்களில் புதுத் தலைமுறை வந்துவிடும். வாரம் இருமுறையாவது லாயத்தை அடியோடு வாரி, எருக்குழியைப் பாலித்தீன் தாளால் மூடிவைத்தால் அந்தச் சுழற்சி அறுந்துபோகும்.

பூச்சிவிரட்டியில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் போன்றவை குதிரைக்குப் பயன்படுபவைதான். எந்தத் தயாரிப்பு, எவ்வளவு தண்ணீரில் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புண்ணின்மேல் தெளிக்கக்கூடாது. பூனையை அண்ட விடக்கூடாது. தெளித்த வாளியை வாய்க்காலில் கழுவினால் மீன் செத்து மிதக்கும். வேப்பெண்ணெய் ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் பத்துப் பங்கு கலந்து மாலையில் பிடரியிலும் வாலடியிலும் தடவலாம். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் கொசு கடிப்பது ஓரளவு குறையும். முதலில் உள்ளங்கை அளவு இடத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஆயிலும் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே வெந்துபோன தோல் அது. நொச்சி, வேப்பிலைப் புகை போடுவதானால் திறந்த வெளியில் சிறிது நேரம் போடுங்கள். அடைத்த லாயத்தில் புகை மூட்டினால் குதிரையின் நுரையீரல் கெடும்.

இப்போது இருக்கும் புண்ணைக் குளிர்ந்த நீரில் கழுவி, குளோர்ஹெக்சிடின் கலந்த கழுவு மருந்தால் சுத்தம் செய்து, நன்றாக உலரவிடுங்கள். ஈ மொய்க்கவிட்டால் புழுப்புண் ஆகிவிடும். இரணஜன்னி (டெட்டனஸ்) மற்ற கால்நடைகளைவிடக் குதிரையை மிக எளிதாகத் தாக்கும். அதற்கான தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று உடனே பாருங்கள். அரிப்பு தாங்க முடியாத அளவில் இருந்தால் மருத்துவர் சில நாள்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பார். அது வேகமாகக் கேட்கும். அதனாலேயே கடையில் நீங்களாக வாங்கித் தொடர ஆசை வரும், அப்படிச் செய்யாதீர்கள். குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நிரந்தரமாக நொண்டியாகிவிடும் ஆபத்து உண்டு, சினைக்கும் ஆகாது. விட்டுவிட்டுக் காய்ச்சல், கால் வீக்கம், மெலிவு என்று இருந்தால் அது தோல் நோயல்ல. பெரிய கடி ஈக்கள் பரப்பும் சர்ரா நோயாக இருக்கலாம். உடனே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

சினைக்கு விடுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒவ்வாமைக்கு ஆளாகும் தன்மை பரம்பரையாக இறங்கக்கூடியது. தாய்க்கு இருப்பதால் குட்டிக்குக் கட்டாயம் வரும் என்பதில்லை, வாய்ப்பு கூடும். அரிப்பு கடுமையாக உள்ள குதிரையிடம் குட்டி எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. குட்டி வேண்டும் என்ற எண்ணத்தை விட முடியாவிட்டால் இந்த ஆண்டு பொறுத்திருங்கள். அடுத்த முறை வாய்க்காலில் தண்ணீர் திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, அரிப்பு தொடங்கும்வரை காத்திருக்காமல், விசிறியையும் போர்வையையும் பயன்படுத்தத் தொடங்குங்கள். மார்கழி வரை பிடரி மயிர் உதிராமல் நின்றால் அப்போது சினைக்கு விடுவதைப் பற்றி யோசிக்கலாம். ஆண்குதிரையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பிடரியையும் வாலடியையும் மழைக்காலத்தில் நேரில் போய்ப் பாருங்கள். கோடையில் பார்த்தால் மயிர் வளர்ந்து எல்லாம் மறைந்திருக்கும்.