குடும்பம் இடம் மாறியதா, எல்லை மாறியதா?

கேள்வி: என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய கொள்ளுத்தாத்தா 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வூஸ்டர்ஷைர் கவுண்டி (இங்கிலாந்தின் நிர்வாகப் பிரிவு), கிங்ஸ் நார்ட்டனில் இருக்கிறார். 1921இல் அதே பெயரில் ஒருவர் வார்விக்‌ஷைர், பர்மிங்காமில் இருக்கிறார். இருவரும் ஒருவர்தானா? இன்னும் பழைய ஆவணங்களை எங்கே தேடுவது?

பதில்: ஒருவராகவே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1911 கணக்கெடுப்பு ஏப்ரல் 2 அன்று நடந்தது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கிங்ஸ் நார்ட்டன் - நார்த்ஃபீல்டு நகர்ப்புற மாவட்டம் பர்மிங்காமோடு இணைந்தது. கூடவே கவுண்டியும் மாறிவிட்டது. 1898இல் உருவான அந்த மாவட்டத்துக்கு ஆயுள் 13 வருடம்தான். கேட்பரி சாக்லேட் ஆலை இருக்கும் போர்ன்வில்கூட அதில்தான் இருந்தது. ஹேண்ட்ஸ்வொர்த், ஆஸ்டன், எர்டிங்டன், யார்ட்லியும் அன்றே சேர, பர்மிங்காமின் பரப்பு மூன்று மடங்குக்கு மேல் ஆனது.

ஆனாலும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு படிவங்களையும் அருகருகே வையுங்கள். இரண்டுமே குடும்பத் தலைவர் நிரப்பியவை என்பதால் கையெழுத்தையே ஒப்பிடலாம். 1911 படிவத்தில் திருமணமாகி எத்தனை வருடம், எத்தனை குழந்தைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்றுகூட இருக்கும். 1921இல் முதலாளியின் பெயர் கிடைக்கும். பிறந்த ஊர்ப் பத்தியை இரண்டிலும் கட்டாயம் பாருங்கள். வயதும் பிள்ளைகளின் பெயர்களும் பொருந்தினால் சந்தேகம் வேண்டாம்.

பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. பிறப்பு, இறப்புப் பதிவுக்கான ‘கிங்ஸ் நார்ட்டன்’ பதிவு மாவட்டம் வேறு, மேலே சொன்ன மாவட்டம் வேறு. பதிவு மாவட்டம் மூன்று கவுண்டிகளில் பரவியிருந்தது: வார்விக்‌ஷைரின் எட்ஜ்பாஸ்டன், ஸ்டாஃபர்ட்ஷைரின் ஹார்போர்ன் இரண்டும் அதில் அடக்கம். பிறப்புப் பதிவு அட்டவணையில் கிங்ஸ் நார்ட்டன் என்று பார்த்ததும் அந்த ஊரிலேயே பிறந்தார் என்று எழுதிவிடாதீர்கள். சான்றிதழ் வாங்கி முகவரியைப் பாருங்கள்.

அப்புறம் ஆவணக் காப்பகம். தேவாலயப் பதிவேடுகளுக்கு முதலில் பர்மிங்காம் நூலகத்தின் காப்பகத்தைக் கேளுங்கள். அந்தப் பகுதி 1905 வரை வூஸ்டர் மறைமாவட்டத்தில் (ஒரு ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதி) இருந்தது. 1858க்கு முன் உயில்களைத் தேவாலய நீதிமன்றங்களே கையாண்டதால், அந்தக் கால உயில்களுக்கு வூஸ்டர் நகரில் உள்ள வூஸ்டர்ஷைர் கவுண்டி காப்பகத்தில் தேட வேண்டும்.