சிட்காம் தயாரிப்பாளருக்குப் பெட்டி தேவையில்லை

கேள்வி: லாஸ் ஏஞ்சலிஸில் கல்லூரி முடிக்கப்போகும் என் மகள், சிட்காம், அதாவது டிவி நகைச்சுவைத் தொடர், எழுதி அப்புறம் தயாரிப்பாளர் ஆவேன் என்கிறாள். எங்களிடம் அவ்வளவு பணம் ஏது? இது நடக்கிற காரியமா?

பதில்: முதலில் பணக் கவலையை விடுங்கள். நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பெட்டியோடு வருகிறவர், அதனால் உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பணம் போடுவது ஸ்டூடியோவும் சேனலும். தயாரிப்பாளர் என்று டைட்டிலில் பெயர் ஓடுகிறவர்களில் பலர் எழுத்தாளர்கள்தான், அது அவர்களுக்கு வரும் பதவி உயர்வு. ஸ்டாஃப் ரைட்டராகச் சேர்ந்து, ஸ்டோரி எடிட்டர், கோ-புரொட்யூசர், சூப்பர்வைசிங் புரொட்யூசர் என்று ஏறினால் கடைசியில் எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர். தொடரையே நடத்துகிற ஷோரன்னர் அந்த மேல்படியில் இருப்பவர்.

அமெரிக்க நகைச்சுவை நடிகையும் எழுத்தாளருமான மிண்டி கேலிங்கையே பாருங்களேன். அப்பா தமிழர், இயற்பெயரில் சொக்கலிங்கம் இருக்கிறது. தோழியோடு எழுதி நடித்த நாடகம் மூலம் தயாரிப்பாளர் கிரெக் டேனியல்ஸ் கண்ணில் பட்டு, 24 வயதில் அவருடைய 'தி ஆஃபீஸ்' சிட்காமின் எழுத்தாளர் அறைக்குள், அதாவது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதும் இடத்துக்குள் போனார், எட்டுப் பேரில் ஒரே பெண். அங்கேயே படிப்படியாக ஏறி 2012-ல் சொந்தத் தொடர், 2020-ல் ஒரு தமிழ்க் குடும்பத்தை வைத்து 'நெவர் ஹேவ் ஐ எவர்'.

இதில் கவனிக்க வேண்டியது, தயாரிப்பு வேலையைப் படப்பிடிப்புத் தளத்தில் நின்றுதான் கற்க முடியும். ரசிகர்களை எதிரில் உட்கார வைத்து எடுக்கிற தொடரில் ஒரு ஜோக்குக்கு யாருமே சிரிக்கவில்லை என்றால், எழுத்தாளர்கள் கேமராவுக்குப் பின்னால் கூடிக் குசுகுசுத்து, சில நிமிடத்தில் வேறு வரியை நடிகர் கையில் கொடுப்பார்கள், அடுத்த டேக்கில் சிரிப்பு வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சேனல்களில் சீசனுக்கு 22 எபிசோட் ஓடிய காலத்தில் இந்தப் பயிற்சி தானாகவே கிடைத்தது. இப்போது ஓடிடியில் எட்டோ பத்தோதான், பல தொடர்களில் படப்பிடிப்பு தொடங்கும் முன்பே எழுத்தாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 2023-ல் எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதன் பிறகு எத்தனை எபிசோடுக்குக் குறைந்தது எத்தனை எழுத்தாளர் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள்.

உங்கள் மகள் இப்போது செய்ய வேண்டியது, சொந்தமாக இரண்டு பைலட், அதாவது தொடரின் முதல் எபிசோட், எழுதி வைப்பது. அரை மணி நேரத் தொடருக்குச் சுமார் 30 பக்கம் போதும், ஆனால் இரண்டும் இரண்டு விதமாக இருக்கட்டும். கூடவே எழுத்தாளர் அறையில் உதவியாளர் வேலை தேடச் சொல்லுங்கள். சாப்பாடு வாங்கி வருவதில் தொடங்கும், கௌரவம் பார்க்கக் கூடாது. அடுத்த படி ரைட்டர்ஸ் அசிஸ்டென்ட், அதாவது அறையில் பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்கிறவர். எந்த ஜோக் எப்படிச் செத்தது, எப்படிப் பிழைத்தது என்பதெல்லாம் அவர் கையில்தான் இருக்கும். எழுத்தாளருக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்ட்டுக்கு இப்போதே அலைய வேண்டாம்.

சரி, உங்கள் பணத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு தொடர் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை மாதக்கணக்கில் சும்மா இருக்க நேரலாம். அப்போது வீட்டு வாடகைக்கும் கார் பெட்ரோலுக்கும் கை கொடுங்கள்.