காட்டு வாசலில் ஒரு பிரஷ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருக்கிறோம். போன ஞாயிறு குடும்பத்தோடு தாஃபரனுயி பூங்காவுக்குப் போனோம். ஒரு பக்கம் கடல், நடுவில் ஆடுமாடு மேயும் பண்ணை, அதற்கப்பால் காடு. மந்தைக்கு நடுவே வெகுநேரம் நடந்து காட்டு வாசலுக்கு வந்தால், அங்கே ஒரு பிரஷ்ஷும் மருந்தும். ஷூவைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். தூறல், வரிசை, சின்னவள் அழுகை. எங்கள் ஷூ சுத்தமாகத்தான் இருந்தது, நேரே போய்விட்டோம். ஒரு பெண்மணி முறைத்தார். இது கொஞ்சம் அதிகப்படி இல்லையா?

செப்டம்பரில் கம்பத்திலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். அப்பாவுக்குக் குமுளியில் மிளகுத் தோட்டம் இருந்தது. இப்போது கைத்தடி. மூத்தவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு இரண்டு. ஒரு நாளில் எதைப் பார்க்கலாம்? தள்ளுவண்டி போகுமா? ஆட்டுக்குட்டியைத் தூக்கலாமா? பக்கத்து வீட்டு நாயை அழைத்துப் போகலாமா? பிரியாணி கொண்டுபோகலாமா? இந்தக் காட்டில் நிற்கும் கௌரி மரத்தின் பெயர் நம் கௌரிதான் என்கிறார்கள். தமிழ் மணிகூட அங்கே கிடைத்திருக்கிறதே?

ர.

அன்புள்ள ர,

மணி உண்மை. 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி வடதீவில் அதைப் பார்த்தபோது, கவிழ்த்துப் போட்டு அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. இப்போது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஒரு மணியை வைத்து மரத்துக்கும் நாம்தான் பெயர் வைத்தோம் என்று கிளம்புவது வாட்ஸப் வேலை. கௌரி மாவோரிச் சொல். காதுக்கு ஒன்றுபோல் கேட்கிறது, அவ்வளவுதான்.

நாய் கூடாது. அந்தத் தீபகற்பத்தின் கழுத்தில் 2004இல் இரண்டரை கிலோமீட்டர் வேலி போட்டு பெரிய எலி, மரநாய் போன்ற ஸ்டோட், வீசல் வகைப் பிராணிகள், போசம் என்னும் மரமேறி விலங்கு, பூனை எல்லாவற்றையும் வெளியேற்றியது கிவி போன்ற பறவைகளுக்காக. பறக்காத பறவை என்பதால் கிவியின் மார்பெலும்பு மெலிந்தது. நாய் விளையாட்டாகக் கவ்வினாலே நொறுங்கிவிடும்.

ஆட்டுக்குட்டியைத் தூக்கக் கூடாது. செப்டம்பர் குட்டி போடும் பருவம். புல்லில் தனியாகப் படுத்திருக்கும் குட்டி அனாதை அல்ல, தாய் கூப்பிடு தூரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். நீங்கள் தூக்கி உங்கள் வாசனை ஏறினால் தாய் ஏற்காமல் போகலாம். அந்த மாதங்களில் சில வயல்வழிகளை மூடி அறிவிப்பு வைப்பார்கள், சுற்றிப் போங்கள். பண்ணைக் கதவு எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே விடுங்கள். திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் சங்கிலியை மாட்டி. பெரிய உபகாரம் செய்வதாக நினைத்துத் திறந்த கதவை மூடினால், அந்தப் பக்கம் மந்தைக்குத் தண்ணீர் கிடைக்காது. மூடியதைத் திறந்து விட்டால் கிடா பெட்டை மந்தையில் புகும், ஐந்து மாதம் கழித்து வேண்டாத பருவத்தில் குட்டி விழும். ஏறித்தான் தாண்டவேண்டும் என்றால் கீல் இருக்கும் பக்கம் ஏறுங்கள். தாழ்ப்பாள் பக்கம் ஏறினால் கதவு தொங்கிவிடும்.

ஒரு நாளுக்கு இப்படிப் பிரியுங்கள். காலையில் ஆங்கர் பே கடற்கரை. அங்கே அலை உண்டு. கடல் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, இழுப்போடு போகச் சொல்லிக்கொடுங்கள் மூத்தவனுக்கு. பெரியவர்களுக்குக் காயல் ஓரம் போதும். அங்கேயும் புல்வெளியிலும் நீலமும் பச்சையுமாகப் பருத்த ஒரு பறவை நடக்கும். கொக்கு மாதிரி மெலிந்த நெடுங்கால் இருந்தால் அது பூகேகோ, நம் ஏரிக்கரை நீலத் தாழைக்கோழியின் உறவு, பறந்துவிடும். கோழிக்குண்டாக, தடித்த சிவப்புக் காலோடு இருந்தால் அது டகாஹே. அற்றுப்போனது என்று எழுதிவைத்துவிட்டு 1948இல் மறுபடி கண்டுபிடித்த பறவை. மூத்தவனுக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் அந்த நாள் போதும்.

இனி உங்கள் ஷூ.

சுத்தமாக இருந்தது என்கிறீர்கள். மந்தைக்கு நடுவே வெகுநேரம் நடந்து வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தூறல் வேறு. மழையில் ஆட்டுப்புழுக்கை மிதித்த ஷூவின் பல்லிடுக்கில் என்ன இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. வெளிப்படத் தெரியாத மண் சுத்தம் அல்ல. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் யாராவது உள்ளே வந்தால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தப் பெண்மணி முறைப்போடு விட்டது உங்கள் நல்ல காலம்.

விஷயம் இது. கௌரி மரத்தைக் கொல்வது பைட்டோப்தோரா பேரினத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். பூஞ்சைபோல் தோன்றும், பூஞ்சை அல்ல. அதன் தடித்த ஓடுள்ள வித்து ஈரமே இல்லாமல் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். ஈரம் பட்டதும் நீந்தும் வித்துகள் வெளிவந்து, வேரின் வாசனை பிடித்து நீந்திப் போய் நுனி வேரில் ஒட்டும். வேர் அழுகும், தண்ணீர் மேலே ஏறாது, இலை வெளுக்கும், உச்சி மெலியும், அடிமரத்தில் பிசின் வடியும். மரம் நின்றபடியே சாகும். ஊசியால் பாஸ்பைட் என்னும் மருந்தை மரத்தில் ஏற்றினால் நோயின் வேகம் குறையும், குணமாகாது. 1972இலேயே ஒரு தீவில் இதைக் கண்டார்கள், வேறு இனம் என்று நினைத்துவிட்டார்கள். 2006இல் ஆக்லாந்தின் வைடாக்கரே மலைக்காட்டில் பெரிதாகத் தெரிந்தது. 2017 டிசம்பரில் அந்தக் காட்டின் மாவோரிக் குடியினர் ராஹுயி என்னும் தடையை விதித்தார்கள், அடுத்த ஆண்டு நகராட்சி பெரும்பகுதி வழிகளை மூடியது. 2022 ஆகஸ்டில் இருந்து கௌரிக் காட்டுக்குள் மண் ஒட்டிய காலணியோடு போவது சட்டப்படியே தவறு.

அந்த மரத்தின் உணவு வேர்கள் மேல்மண்ணில் சில அங்குலத்துக்குள், சருகுக்கடியில்தான் பரவியிருக்கின்றன. கிளை பரவும் வட்டத்தைவிட வெகுதூரம் போகும். அதனால் கிளைவட்டத்தின் ஆரத்தைப்போல மூன்று மடங்குவரை காலடி படாமல் பார்க்கச் சொல்கிறார்கள். பலகைப் பாதையில் இருந்து இறங்கி மரத்தைக் கட்டிப்பிடித்துப் புகைப்படம் எடுக்கிறவர்கள், மரத்தின் வாய்மேலேயே நிற்கிறார்கள்.

பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை என்பது தெரிகிறது. முதலில் மண், பிறகு மருந்து. வரிசையை மாற்றினால் பயனில்லை. மருந்து மண்ணில் படும்போதே மண் அதை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே இருப்பதை எட்டாது. அந்தத் தடித்த ஓடு வித்துக்கு மருந்து பெரிதாக ஒன்றும் செய்யாது என்பதால் உண்மையான வேலை தேய்ப்பதுதான். ஷூவைத் திருப்பி, பல்லிடுக்கைக் குச்சியால் கிளறி, குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் நடுவே இருக்கும் படியை மறக்காமல், ஓரங்களைத் தேய்த்து, மண்ணே தெரியாத பிறகு அடி முழுக்க நனையும்படி மருந்து. துடைக்கவேண்டாம். வெளியே வரும்போதும் இதே. இரண்டு நிமிடம் ஆகும். முதல் நாள் இரவே வீட்டில் சோப்புத் தண்ணீரில் கழுவிவைத்தால், வழுவழுப்பான அடியுள்ள ஷூ போட்டால், வரிசையில் நிற்கும் நேரம் பாதியாகும். பழைய பல்துலக்கி ஒன்றை ஜிப் பையில் போட்டு வையுங்கள்.

தள்ளுவண்டியின் சக்கரமும் செருப்புதான். சக்கரத்தின் நடுத்துளை, அச்சு, பிரேக் எல்லாவற்றிலும் சேறு அப்பும். அதைச் சுத்தம் செய்வதைவிட வண்டியைக் காரில் விட்டு, காட்டுக்குள் சின்னவளை முதுகுப்பையில் தூக்கிக்கொள்ளலாம். படிகளில் வண்டியும் ஏறாது. மண்ணில் வைத்த பையின் அடியையும் பாருங்கள்.

இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்வதைவிட உங்கள் அப்பா சொல்வார். மிளகு வாடல் நோயைக் கொண்டுவருவதும் இதே பேரினத்து நுண்ணுயிர்தான். பைட்டோப்தோரா காப்சிசி என்பது அதன் பெயர். ஒரு கொடி இருந்தால் இருந்தபடி இலை கருத்து, மூட்டு மூட்டாக உதிர்வதைக் குமுளியில் பார்த்திருப்பார். மழைக்காலத்தில் நோய் வந்த பாத்தியில் மிதித்த காலோடு அடுத்த பாத்திக்குப் போகாதே என்று ஆட்களை அவர் கத்தியிருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். பிறகு பிரஷ்ஷை அவர் கையில் கொடுங்கள். குனிவது கஷ்டம் என்றால் வாசலில் ஒரு மடக்கு நாற்காலி. கைத்தடியின் நுனி ரப்பரை மறக்காதீர்கள். கழற்றினால் உள்ளே ஒரு குழி, அதில் ஈர மண் கட்டியாக நிற்கும்.

பிரியாணியைக் கேட்டிருந்தீர்கள். கொண்டுபோங்கள். பூங்காவுக்குள் கடை இல்லை, குப்பைத்தொட்டியும் இல்லை. எலும்பைப் புதர் பக்கம் வீசாதீர்கள், டிபன் பாக்ஸிலேயே போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.