செங்கோட்டைப் பக்கம் 12 சென்ட் மனை, லேண்ட்ஸ்கேப் டிசைனரிடம் முதலில் என்ன பேசுவது?

வீட்டு வேலை முடியப் போகிறது, தோட்டம் போட கேரளத்துப் புனலூரிலிருந்து டிசைனர் வருகிறார், என்ன கேட்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் தென்காசிப் பக்கம்தான். செடிப் பேச்சைக் கடைசிக்கு வையுங்கள், முதலில் தண்ணீரும் காற்றும்.

அவர் பழகியது மலைக்கு அந்தப் பக்கத்து மழை. நமக்கு ஆனி, ஆடியில் கிடைப்பது சாரல், கொட்டுகிற மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான், சித்திரை வெயிலில் மண் காய்ந்து வெடிக்கும். அங்கே தானாக நிற்கும் புல்தரைக்கு இங்கே கோடை முழுக்க தண்ணீர் விட்டாக வேண்டும், அதனால் புல் எவ்வளவு இடத்துக்கு, கிணறோ போரோ அதற்குத் தாங்குமா என்பதை அவரையே கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 1000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் இறங்கும், அது தெருவுக்கு ஓடாமல் எந்தக் குழிக்குப் போகிறது என்பது வரைபடத்தில் இருக்க வேண்டும். முற்றத்துக்குத் தாண்டூர் கல் பதித்து நடுவில் புல் வைப்பது இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, அழகுதான், ஆனால் அடியில் கான்கிரீட் போட்டுவிட்டால் ஒரு சொட்டும் மண்ணுக்குள் போகாது. ஜல்லியும் மணலும் போட்டுப் பதிக்கச் சொல்லுங்கள்.

காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருவது உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். மேற்கு ஓரத்தில் வாழை, பப்பாளி வேண்டாம். குற்றாலம் மலையில் மங்குஸ்தானைப் பார்த்துவிட்டு வீட்டில் கேட்பார்கள், கீழே வெயிலில் அது பாடுபடும். நாரத்தை, எலுமிச்சை, கறிவேப்பிலை, நந்தியாவட்டை எல்லாம் நிம்மதியாக வளரும்.

அப்புறம் மண். கட்டட இடிபாட்டின் மேலேயே செம்மண்ணைப் பரப்பிச் செடி நட்டுவிடுவார்கள், சிமெண்ட் கலந்த மண்ணில் வேர் இறங்காது, அதை அள்ளுவது யார் பொறுப்பு என்று முன்பே எழுதி வாங்குங்கள். கல் பதிக்கும் முன் நடைபாதைக்கு அடியில் ரெண்டு பிவிசி பைப்பைக் குறுக்கே புதைத்து வைத்தால் பின்னால் சொட்டுநீருக்கோ விளக்குக்கோ எதையும் உடைக்க வேண்டாம். போர் மோட்டார் தூக்க வண்டி வரும் வழியையும் செப்டிக் டேங்க் மூடியையும் அவரிடம் நேரில் காட்டுங்கள்.

பணம் பற்றி: வரைபடத்துக்கான கட்டணம் தனியாக, வேலைக்கூலி தனியாக இருக்கட்டும். செடிப் பட்டியலில் பெயர் மட்டும் போதாது, எத்தனை அடி உயரம், பட்டுப்போனால் எத்தனை மாதம் வரை மாற்றித் தருவார் என்பதும் வேண்டும். சரி, எப்போது தொடங்குவது? கல் வேலையைக் கோடையிலேயே முடித்துவிட்டு, ஆடிக்காற்று அடங்கியபின் புரட்டாசிக் கடைசியில் மரங்களை நடுங்கள், அடுத்து வரும் அடைமழையில் வேர் பிடித்துக்கொள்ளும்.