ஒரு நாளைக்கு ஒரு கோட்டை போதும்

பயணப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

லீவு நெருங்குதுல்ல, அதான் இந்த தடவை வந்த கேள்விகள்ல நிறைய ஸ்காட்லாந்து பத்திதான். பிள்ளைங்க எடின்பரோ, கிளாஸ்கோன்னு வேலைக்கும் படிப்புக்கும் போனப்புறம் இங்கேருந்து அப்பா அம்மா ஒரு மாசம் போய் இருந்துட்டு வர்றது சென்னைல இப்ப வீட்டுக்கு வீடு நடக்குது. அதனால இந்த பக்கம் முழுக்க அதுக்கே, நடுவுல நம்ம ஊருக்கும் ஒரு கேள்வி வச்சிருக்கேன்.

வேளச்சேரி வாசகி: பொண்ணும் மாப்பிள்ளையும் எடின்பரோல இருக்காங்க. ஜூன்ல நானும் வீட்டுக்காரரும் போறோம். பேரனுக்கு 8 வயசு, பேத்திக்கு 4. அவங்களுக்கு சனி ஞாயிறுதான் லீவு, அதனால ஒரே வீக்எண்ட்ல எடின்பரோ, ஸ்டிர்லிங், லாக் நெஸ் ஏரிக்கரை, ஐலீன் டோனன்னு நாலு கோட்டையையும் முடிச்சிடலாம்னு மாப்பிள்ளை ப்ளான் போட்டிருக்கார். முடியுமா?

வேண்டாங்க. மேப்ல பாத்தா ஸ்காட்லாந்து சின்ன நாடா தெரியும், ஆனா எடின்பரோலேர்ந்து லாக் நெஸ் பக்கத்துல இருக்கிற இன்வெர்னஸ் போகவே கார்ல மூணரை மணி நேரம் ஆகும், ஐலீன் டோனன் ஸ்கை தீவுக்கு போற வழில இருக்கு, அதுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல, அதுவும் கடைசி பாதி வளைஞ்சு வளைஞ்சு போற மலை ரோடு, 4 வயசு குழந்தை பின் சீட்ல வாந்தி எடுத்துட்டே வரும். கோட்டை வாசல்ல போட்டோ எடுத்துட்டு திரும்பி வர்றதுக்கா அவ்ளோ தூரம்? ஒரு நாளைக்கு ஒரு கோட்டை, அதுல பாதி நாள், மீதி பாதி நாள் புல்லுல ஓடட்டும். இதை நான் எல்லாருக்கும் சொல்றேன், ஏன்னா பசங்க ஞாபகத்துல நிக்கிறது அந்த ஓட்டம்தான், ராஜா பேரு இல்ல.

முதல் சனிக்கிழமை எடின்பரோ கோட்டை. அணைஞ்சு போன எரிமலைப் பாறை மேல கட்டினது அது. சனிக்கிழமைன்னு ஏன் சொல்றேன்னா, மதியம் சரியா 1 மணிக்கு பீரங்கி வெடிப்பாங்க, 1861லேர்ந்து நடக்குது, துறைமுகத்துல இருந்த கப்பல்காரங்க கடிகாரத்தை சரி பண்ணிக்கறதுக்காக ஆரம்பிச்சது, ஞாயித்துக்கிழமை கிடையாது. சத்தம் பெருசா இருக்கும், பேத்தி காதை பொத்திக்கங்க. டிக்கெட்டை ஆன்லைன்ல முன்னாடியே நேரம் குறிச்சு வாங்கிடுங்க, வாசல்ல போய் நின்னு வாங்கலாம்னு நினைக்காதீங்க.

அடுத்த வாரம் ஸ்டிர்லிங். என்னைக் கேட்டா குழந்தைங்களோட போறவங்களுக்கு எடின்பரோவை விட இதுதான் நல்ல கோட்டை. எடின்பரோ வேவர்லி ஸ்டேஷன்லேர்ந்து ரயில்ல ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், இறங்கி கொஞ்சம் மேட்டுல நடக்கணும், உங்களுக்கு மூச்சு வாங்கினா ஒரு டாக்ஸி புடிச்சிடுங்க. 1543ல ஸ்காட்லாந்து ராணி மேரிக்கு இங்கதான் முடி சூட்டினாங்க, அப்ப அவங்க ஒன்பது மாசக் குழந்தை, பேத்திகிட்ட இதை சொல்லிப் பாருங்க, கண்ணை விரிச்சுட்டு கேப்பா. பெரிய மண்டபம் ஒண்ணு வெளிப்பக்கம் முழுக்க மஞ்சளா சுண்ணாம்பு அடிச்சிருக்கும், தூரத்துலேர்ந்தே பளிச்னு தெரியும். அரண்மனைக்குள்ள பழைய காலத்து டிரெஸ் போட்டவங்க நின்னு கதை சொல்வாங்க, கீழ நிலவறைல பசங்க தொட்டு விளையாடறதுக்குன்னே அறைங்க இருக்கு. மதில் மேல நின்னா 1297ல வில்லியம் வாலஸ் இங்கிலாந்து படையை ஜெயிச்ச ஆத்துப்பாலம் பக்கமும், அவருக்கு கட்டின கோபுரமும் தெரியும்.

பேரன் கதை கேக்கிற பையன்னா இன்னொரு வீக்எண்ட் ஸ்டோன்ஹேவன் பக்கம் டனாட்டர் கோட்டைக்கு கூட்டிட்டு போங்க. மூணு பக்கமும் கடல், செங்குத்துப் பாறை மேல இடிஞ்ச கோட்டை. 1651ல இங்கிலாந்துல ராஜாவை எதிர்த்த கிராம்வெல் படை வர்றாங்கன்னு ஸ்காட்லாந்து கிரீடம், வாள், செங்கோல் எல்லாத்தையும் இங்க கொண்டாந்து ஒளிச்சு வச்சாங்க, கோட்டையை எதிரி சுத்தி வளைச்சு மாசக்கணக்கா நின்னப்ப ஒரு பாதிரியாரோட மனைவியும் இன்னும் சிலரும் சேர்ந்து அதை ரகசியமா வெளிய கடத்தி, கின்னெஃப்ங்கற சின்ன ஊரு சர்ச்சுல தரைக்கு அடில புதைச்சுட்டாங்க, 1660ல ராஜா இரண்டாம் சார்லஸ் திரும்பி வர்ற வரைக்கும் அங்கயே இருந்துச்சு. அந்த கிரீடம் இப்ப எடின்பரோ கோட்டைலதான் இருக்கு, அதனால முதல்ல அதை பாத்துட்டு அப்புறம் இங்க வந்தா பையனுக்கு ரெண்டும் சேர்ந்துக்கும். படி நிறைய, முட்டி வலி இருந்தா நீங்க கோட்டைக்கு எதிர்ல இருக்கிற மேட்டுலயே நின்னு பாத்துக்கங்க, அங்கேருந்து தெரியற காட்சியே போதும்.

அண்ணா நகர் வாசகர்: கிளாம்பிங் போலாம்னு பையன் சொல்றான். டென்ட்ல படுக்கறதா? அம்மாவுக்கு 70 வயசு, ராத்திரி ரெண்டு தடவை பாத்ரூம் போவாங்க. சரி வருமா?

சரியா புக் பண்ணினா ரொம்ப நல்லா சரி வரும் சார், இல்லன்னா அம்மாவுக்கு பெரிய கஷ்டம். கிளாம்பிங்ன்னா கட்டில் மெத்தையோட கேம்ப் போடறதுன்னு வச்சுக்கங்க, ஆனா அந்த ஒரு பேருல நாலஞ்சு வகை விக்கிறாங்க. பெல் டென்ட், யர்ட் ரெண்டும் துணிதான், உள்ள விறகு அடுப்பு இருக்கும், ராத்திரி அடுப்பு அணைஞ்சா குளிரும், ஜூன்லயே விடியக்காலை 10 டிகிரிக்கு கீழ போறது உண்டு. சக்கரம் வச்ச ஷெப்பர்ட்ஸ் ஹட் அழகா இருக்கும், ஆனா ஏறுறதுக்கு மூணு நாலு படி. அம்மாவோட போறீங்கன்னா மரத்துல பண்ணின பாட் எடுங்க, கவுத்து வச்ச படகு மாதிரி இருக்கும், சுவத்துக்குள்ள குளிர் தாங்கறதுக்கு பஞ்சு அடைச்சு ஹீட்டரும் போட்டிருப்பாங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி போன்லயோ மெயில்லயோ இதெல்லாம் கேளுங்க: பாத்ரூம் பாட்டுக்குள்ளயே இருக்கா, இல்ல புல்வெளில டார்ச் அடிச்சுட்டு நடந்து போகணுமா? பெட்ஷீட், துண்டு குடுப்பாங்களா? நிறைய இடத்துல தனியா காசு, சில இடத்துல நாமளே கொண்டு போகணும். கார் பாட் வாசல் வரைக்கும் வருமா? சமைக்க அடுப்பு உள்ள இருக்கா, வெளியவா? வீக்எண்ட்ல பெரும்பாலும் ரெண்டு ராத்திரிக்கு குறைச்சு குடுக்க மாட்டாங்க, அதையும் கணக்குல வச்சுக்கங்க, வெள்ளி சாயங்காலம் போய் ஞாயிறு கிளம்புறது சௌகரியம்.

ஜூன்ல அங்க ராத்திரி 10 மணிக்குதான் சூரியன் மறையும், காலைல நாலரைக்கு திரும்ப வெளிச்சம் வந்துடும். பெரியவங்களுக்கு தூக்கம் கெட்டா மறுநாள் முழுக்க வீண், அதனால கண்ணுக்கு கட்டற பட்டை ஒண்ணு அம்மாவுக்கு கண்டிப்பா வாங்குங்க.

இதை மட்டும் கெட்டியா மனசுல வச்சுக்கங்க: மழை வருதுன்னு கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ டென்ட்டுக்குள்ள, பாட்டுக்குள்ள கொண்டு வரவே கூடாது, அணைஞ்ச மாதிரி இருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும். போன உடனே உள்ள அதுக்கான அலாரம் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கேட்டு வாங்குங்க.

குரோம்பேட்டை வாசகி: அங்க கொசு இருக்கா?

நம்ம ஊரு கொசு தொல்லை இல்ல, ஆனா மிட்ஜ்னு பொடிப் பூச்சி இருக்கு, கூட்டமா வந்து கடிக்கும். மே கடைசிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும், மேற்குப் பக்கமும் ஹைலேண்ட்ஸ்ங்கற வடக்கு மலைப் பகுதிலயும் அதிகம், காத்து இல்லாத ஈரமான விடியல்லயும் சாயங்காலத்துலயும் மோசம். நல்லா காத்து அடிச்சா அதால பறக்க முடியாது, அதனால பள்ளத்துலயும் மரத்தடிலயும் இருக்கிற இடத்தை விட காத்தோட்டமான மேட்டு இடமா கிளாம்பிங் புக் பண்ணுங்க. ஸ்மிட்ஜ்னு ஒரு பூச்சி விரட்டி அங்கயே கடைல கிடைக்கும். உண்ணியும் இருக்கு, உயரமான புல்லுல நடந்துட்டு வந்தா ராத்திரி குழந்தைங்க கால், முட்டிக்கு பின்னாடி, இடுப்பு எல்லாம் தடவிப் பாருங்க, லைம் நோய் அதனாலதான் வருது.

தி. நகர் வாசகி: நாங்க சுத்த சைவம். என்னென்ன பேக் பண்ணலாம்?

இட்லிப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல், சேமியா தாராளமா எடுத்துட்டு போங்க, பாட்ல ஒரு சின்ன குக்கரும் கெட்டிலும் இருந்தா போதும் குடும்பம் சாப்டுடும். ஆனா பால் பொருளும் கறியும் பிரிட்டனுக்குள்ள கொண்டு போக அனுமதி கிடையாது, பால்கோவா, பனீர், நெய் பாட்டில் எல்லாம் ஏர்போர்ட்ல எடுத்து குப்பைல போட்டுடுவாங்க, ஆசையா கிண்டினது வீணா போகும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். நெய், தயிர் அங்க சூப்பர் மார்க்கெட்லயே கிடைக்குது. ஹாகிஸ்ங்கறது ஆட்டோட உள்ளுறுப்புல பண்றது, ஆனா சைவ ஹாகிஸ் நிறைய கஃபேல உண்டு, பருப்பும் ஓட்ஸும் போட்டு மிளகு காரமா இருக்கும், எனக்கு ரொம்ப புடிச்சது. குழாய்த் தண்ணியே குடிக்கலாம், பாட்டில் வாங்கி காசை கரைக்காதீங்க.

போரூர் வாசகர்: நம்ம லைசென்ஸ்ல அங்க கார் ஓட்டலாமா?

ஓட்டலாம், டூரிஸ்டா போறவங்களுக்கு 12 மாசம் வரைக்கும் செல்லும், அங்கயும் இடது பக்கம்தான். கிராமத்துல ஒரு கார் மட்டும் போற ரோடு நிறைய, நடுநடுவுல பாஸிங் ப்ளேஸ்னு போர்டு வச்சு கொஞ்சம் அகலமா விட்டிருப்பாங்க, எதிர்ல வண்டி வந்தா யாருக்கு அது இடது பக்கமோ அவங்க அதுல ஒதுங்கி நிக்கணும், பின்னாடி வர்றவங்களுக்கும் அதுல வழி விடணும், அங்க பார்க் மட்டும் பண்ணாதீங்க. குழந்தைங்களுக்கு 12 வயசு இல்ல 135 செமீ உயரம், எது முதல்ல வருதோ அது வரைக்கும் சைல்ட் சீட் கட்டாயம், மடில வச்சுக்கறதெல்லாம் அங்க நடக்காது.

பெரம்பூர் வாசகி: எங்களுக்கு ஸ்காட்லாந்து எல்லாம் கட்டாதுங்க. சென்னைலேர்ந்து ரெண்டு நாள்ல பசங்களுக்கு கோட்டை காட்ட முடியுமா?

நிச்சயமாங்க, இதுல எந்த குறையும் நினைக்காதீங்க. மூணு மணி நேரத்துல செஞ்சி. மூணு மலையை மதிலால சேத்து கட்டின கோட்டை உலகத்துல எத்தனை ஊருக்கு இருக்கு? 2025 ஜூலைல யுனெஸ்கோ பட்டியல்லயும் வந்தாச்சு. ராஜகிரி ஏறணும்னா காலைல முதல் ஆளா நில்லுங்க, தண்ணி நிறைய எடுத்துக்கங்க, குரங்கு கிட்ட திங்கற பையை காட்டாதீங்க. ஏற முடியாதவங்க கீழ கல்யாண மகாலும் களஞ்சியமும் பாக்கலாம். தேசிங்கு ராஜா கதையை கார்லயே சொல்லிட்டு போங்க.

பெரியவங்களோட போனா வேலூர், சமதரை, சுத்தி அகழி, உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில், 1806ல சிப்பாய்ங்க புரட்சி பண்ணின இடம். ஈசிஆர்ல கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரை இன்னும் கிட்ட, 1760ல ஆங்கிலேயர் இடிச்சுட்டுப் போன செங்கல் கோட்டை, பக்கத்துலயே கழிமுகத்துல படகு. டென்ட்ல தங்கணும்னு பசங்க ஆசைப்பட்டா ஏலகிரி, ஏற்காடு ரெண்டு பக்கமும் இப்ப வந்துடுச்சு, அங்கயும் பாத்ரூம் கேள்வியை முதல்ல கேளுங்க.

தாம்பரம் வாசகர்: சொந்த ஊர் நாகப்பட்டினம். தங்கச்சி இன்வெர்னஸ்ல நர்ஸ், ஆகஸ்ட்ல குடும்பத்தோட போறோம். கூட்டம் இல்லாத இடம் ஒண்ணு சொல்லுங்க.

உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு சார். இன்வெர்னஸ்க்கு வடக்க ஆல்னஸ்னு சின்ன ஊர், பக்கத்துல ஃபைரிஷ் மலை. அது உச்சில மூணு வளைவோட ஒரு கல் கட்டடம் வானத்தை பாத்து நிக்கும், அது உங்க ஊரு கோட்டை வாசல். 1781ல டச்சுக்காரங்ககிட்டேர்ந்து நாகப்பட்டினத்தை புடிச்ச ஆங்கிலேயர் படைக்கு தளபதி ஹெக்டர் மன்றோ, அந்த ஊருக்காரர். நம்ம மவுண்ட் ரோடுல குதிரை மேல உக்காந்திருக்காரே தாமஸ் மன்றோ, கிளாஸ்கோல பொறந்தவர், அவர் வேற. ஹெக்டர் ஊருக்கு திரும்பினதும் வேலை இல்லாம இருந்த ஜனங்களுக்கு கூலி குடுக்கணும்னு நாகை வாசல் மாதிரியே அந்த மலை மேல கட்ட வச்சார். வேலை சீக்கிரம் முடிஞ்சா கூலி நின்னுடும்னு கல்லை மேலேர்ந்து உருட்டி விட்டு திரும்ப ஏத்த வைப்பாராம்னு ஒரு கதையும் அங்க சொல்வாங்க.

நடந்து போயிட்டு வர ரெண்டரை மணி நேரம் வச்சுக்கங்க, பைன் காட்டுக்குள்ள ஆரம்பிச்சு அப்புறம் திறந்த மேடு, பாதை தெளிவா இருக்கும், டிக்கெட் கிடையாது. மேல கடையும் கிடையாது, அதனால தண்ணியும் புளியோதரையும் கட்டிட்டு போங்க, மழைக்கோட்டை பையிலயே வச்சுக்கங்க, மேல காத்து அடிக்கும், குழந்தைங்களுக்கு குல்லா மறக்காதீங்க. வானம் தெளிஞ்ச நாளா பாத்து ஏறுங்க, அப்பதான் கீழ க்ரோமார்ட்டி கடல் முழுசா தெரியும்.