ஆய்வுக் கட்டுரைக்கு இரண்டு லட்சமா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நாகர்கோவிலில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மணக்குடிக் காயலின் அலையாத்திச் செடிகள் பற்றிய என் கட்டுரையை ஒரு வெளிநாட்டு இதழ் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எல்லோரும் இலவசமாகப் படிக்க வேண்டுமென்றால் 2,500 டாலர் கட்டச் சொல்கிறார்கள். கட்டாவிட்டால் சந்தாதாரர்கள் மட்டுமே படிக்க முடியும். என்னை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோன மணக்குடி அண்ணன்மாருக்குக்கூட அதைத் திறந்து காட்ட முடியாது. நகையை அடகு வைக்கலாமா என்று அம்மா கேட்கிறார். என்ன செய்வது?

ரெ.

அன்புள்ள ரெ.,

நகையை அடகு வைக்க வேண்டாம். அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

2,500 டாலர் என்றால் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்குபவருக்கே மாதம் 37,000 ரூபாய்தான். புகழ்பெற்ற அறிவியல் இதழான ‘நேச்சர்’, ஒரு கட்டுரையை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவைக்க 2021இல் வைத்த கட்டணம் 9,500 யூரோ. ஆய்வு உங்களுடையது. அதைச் சரிபார்த்த அறிஞர்களும் பெரும்பாலும் ஊதியம் வாங்குவதில்லை. பிறகு எதற்கு இவ்வளவு பணம்?

வாசிப்பவரிடம் காசு வாங்காமல் ஆய்வுகள் கிடைக்க வேண்டும் என்று 2002இல் ‘புடாபெஸ்ட் அறிக்கை’ என்ற பொது அறிவிப்பு கேட்டது. அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. பதிப்பகங்களோ வாசகர் பக்கம் இருந்த பூட்டை எழுதுபவர் பக்கம் மாட்டிவிட்டன. ஏழை நாடுகளுக்குத் தள்ளுபடி உண்டு. ஆனால் இந்தியப் பொருளாதாரம் பெரியது என்பதால் பல பதிப்பகங்களின் பட்டியலில் நாம் இல்லை. நாட்டின் மொத்த வருமானத்தைக் கொண்டு ஓர் ஆய்வு மாணவியின் கையிருப்பை அளப்பது அநியாயம்.

ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அது முதன்மையாக அரசு நிறுவனங்களில் இருப்பவர்கள் படிப்பதற்கான பணம். பிரேசில் 1998இலேயே ‘சைலோ’ என்ற இணைய ஆய்விதழ்த் தளத்தைத் தொடங்கி, பொதுப்பணத்தின் துணையோடு தன் இதழ்களை எல்லோருக்கும் திறந்து வைத்தது. இங்கும் அந்த 6,000 கோடியில் ஒரு பங்காவது நம் இதழ்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கட்டணமில்லாத சந்தா முறையையே தேர்ந்தெடுங்கள். மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களோடு நீங்கள் அனுப்பிய இறுதி வடிவத்தை, இதழின் அச்சு வடிவத்தை அல்ல, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஓர் இணையக் களஞ்சியத்தில் ஏற்றலாம். பல இதழ்கள் இதை அனுமதிக்கின்றன. சில ஆறு மாதமோ ஓராண்டோ காத்திருக்கச் சொல்லும். மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவத்தை உயிரியல் கட்டுரைகளுக்கான ‘பயோஆர்க்சிவ்’ போன்ற இணையதளங்களில் முன்பே இட்டிருந்தால் அது யாருக்கும் இலவசம். அடுத்த கட்டுரைக்கு அதை மறக்காதீர்கள். ஒப்பந்தத்தில் எந்த வடிவத்தை, எப்போது, எங்கே ஏற்றலாம் என்ற பகுதியைக் கையெழுத்திடும் முன் வரிவரியாகப் படியுங்கள். புரியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.