புரட்டாசி முடியட்டும் என்கிறார் அண்ணி

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்தில் டொங்காட்டில் இருக்கிறோம். அண்ணிக்கு 47 வயது, துணி ஆலையில் தைக்கிறார். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று ஜூனில் சொன்னார்கள். அரசு மருத்துவமனையில் "போன் பண்ணுவோம்" என்றார்கள். ஆகஸ்டும் முடியப்போகிறது. மெடிக்கல் எய்ட், அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு, இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மூன்றே வாரத்தில் ரேடியேஷன் தொடங்கிவிட்டது. அண்ணியோ, புரட்டாசி விரதம் முடியட்டும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, அண்ணி புரட்டாசிக்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். கறி தொடாத விரதம் சிகிச்சைக்கு இடைஞ்சல் இல்லை. பட்டினிதான் கூடாது.

உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. இந்த நாட்டில் மெடிக்கல் எய்ட் உள்ளவர்கள் சுமார் ஆறில் ஒருவர்தான், மற்றவர்களில் பெரும்பாலோர் அரசு வரிசையில். ரேடியேஷன் இயந்திரமும் புற்றுநோய் மருத்துவரும் போதாமல் டர்பன் நோயாளிகளின் உரிமை மீறப்பட்டது என்று 2017-இல் மனித உரிமை ஆணையமே அறிக்கை தந்தது. அண்ணியின் தலையெழுத்து என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் வரிசையில் இருந்துகொண்டே தொலைந்துபோகிறவர்களும் உண்டு. என் சித்தி அப்படித்தான் போனுக்காகக் காத்துக் கிடந்தார். நேரில் போய்க் கேட்டபோது கிளார்க் அட்டையைத் திருப்பிக் காட்டினார். பழைய செல் நம்பர், அதன் பக்கத்தில் பேனாவால் இரண்டு முறை "எடுக்கவில்லை". சித்தி சிம் மாற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அதனால் நாளைக் காலையே போங்கள். அண்ணியின் நம்பரோடு உங்கள் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். கோப்பு புற்றுநோய்ப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்ததா, பயாப்ஸி முடிவு அதில் இருக்கிறதா, எந்த ஸ்டேஜ், ஸ்கேன் எப்போது என்று கேளுங்கள். இரத்தப் பரிசோதனையை இப்போதே எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். இரத்தசோகை இருந்தாலோ, கட்டி சிறுநீர்க் குழாயை நெருக்கிச் சிறுநீரகம் பாதித்திருந்தாலோ, அதைச் சரிசெய்வதிலேயே இன்னும் சில வாரம் போய்விடும். உதிரப்போக்கு அதிகமானால், சிறுநீர் குறைந்தால், கால் வீங்கினால், தேதிக்குக் காத்திராமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

அறுவைக்கு ஏற்ற ஆரம்ப நிலையைத் தாண்டியிருந்தால், பெரும்பாலும் ஐந்து வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை ரேடியேஷன், வாரம் ஒரு கீமோ, அப்புறம் உள்ளே வைத்துக் கொடுக்கும் ரேடியேஷன். எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், இடையில் நாள் விட்டால் பலன் குறையும். ஏழைப் பெண்கள் பாதியில் நிற்பது இங்கேதான். டொங்காட்டிலிருந்து தினமும் டாக்சி மாறிப் போய்வர யாரிடம் காசு இருக்கிறது? மருத்துவமனையின் சோஷியல் வொர்க்கரைப் பார்த்து, நோயாளிகளுக்கான வண்டியோ தங்குமிடமோ கேளுங்கள். ஆலையில் சம்பளத்திலிருந்து யூஐஎஃப் (அரசின் வேலையிழப்புக் காப்பீட்டு நிதி) பிடித்திருந்தால் நோய்க்கால உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், படிவத்தில் டாக்டரும் எழுத வேண்டும்.

"எப்படி வந்தது" என்று வீட்டில் யாரும் அண்ணியைக் குடைய வேண்டாம். மணமானவர்களில் பெரும்பாலோருக்கு ஒருமுறையாவது வந்துபோகும் கிருமிதான் இதற்குக் காரணம். சிலருக்கு அது போகாமல் தங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். கடிதத்தில் அண்ணனைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. அவருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அண்ணியின் சம்மதத்தோடு இன்று இரவே சொல்லுங்கள். நாளைக்கு அவரும் கூட வரட்டும்.